வீட்டு லைட் ஷோவுக்குப் பாட்டைத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு முகப்பில் பிக்சல் விளக்குகளை (ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்கக்கூடிய சிறு விளக்குகள்) கட்டி, பாட்டுக்கு ஏற்றபடி ஆட வைக்கும் வேலையில் வயரிங், கண்ட்ரோலர் பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் கடைசி நேரத்தில் காலை வாருவது பெரும்பாலும் பாட்டு ஃபைல்தான். அதைப் பற்றிய கேள்விகள் மட்டும் இங்கே. சீக்வென்ஸ் (எந்த நேரத்தில் எந்த விளக்கு எப்படி எரிய வேண்டும் என்ற பட்டியல்) எழுத எக்ஸ்லைட்ஸ் அல்லது விக்சன், பாட்டை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, ஷோவை ஓட்ட ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டரில் ஃபால்கன் பிளேயர் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் விஷயம் ஒன்றுதான்.

எதிலிருந்து தொடங்குவது? விளக்கு வேலையா, பாட்டா?

பாட்டுதான். அதை முழுதாக முடித்துவிட்டுத்தான் விளக்கைத் தொட வேண்டும். வெட்டுவது, முடிவில் ஒலியைத் தேய்ப்பது, சத்தத்தைச் சமன் செய்வது, ஃபார்மட் மாற்றுவது எல்லாம் முடிந்து, ஃபைலுக்கு ஒரு பெயர் வைத்துப் பூட்டிய பிறகே முதல் டைமிங் குறியை, அதாவது விளக்கு மாற வேண்டிய நேரத்தின் அடையாளத்தை, போடுங்கள்.

காரணம் எளிது. சீக்வென்ஸுக்குப் பாட்டு தெரியாது. நேரம் மட்டும்தான் தெரியும். '1 நிமிடம் 12.400 வினாடியில் கூரை விளக்கு சிவப்பு' என்றுதான் உள்ளே எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் மேளம் விழுகிறதா, பாடகர் மூச்சு வாங்குகிறாரா என்பது அதற்குத் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு 'தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் இருக்கிறதே' என்று 0.8 வினாடியை வெட்டினால், அத்தனை குறிகளும் 0.8 வினாடி பிந்திவிடும். மொத்தமாக நகர்த்தும் வசதி உண்டுதான். ஆனால் நடுவில் ஒரு சரணத்தை நீக்கியிருந்தால் அதுவும் கைகொடுக்காது.

பாட்டை எங்கிருந்து எடுப்பது நல்லது?

ஆடியோ சிடி இருந்தால் அதற்கு மேல் வேறு எதுவும் வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. ஒரு வினாடிக்கு 1,411 கிலோபிட். அதைத் தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் ஃபைலாக எடுங்கள். கீறல் விழுந்த சிடி என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் நல்லது. சந்தேகமான இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டும் சொல்லும்.

அடுத்தது காசு கொடுத்து வாங்கி இறக்கிய ஃபைல். ஐடியூன்ஸ் கடையில் விற்கும் பாட்டுகளுக்கு 2009லேயே நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டை எடுத்துவிட்டார்கள். அங்கே வாங்குவது 256 கேபிபிஎஸ் (வினாடிக்கு 256 கிலோபிட்; இந்த எண்தான் பிட்ரேட்) ஏஏசி ஃபைல். லைட் ஷோவுக்குத் தாராளம்.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன். அந்த ஃபைலை எடுத்துப் போட முடியாதா?

முடியாது. ஆஃப்லைனில் கேட்க ஆப் சேமிப்பது மறையாக்கம் செய்த ஃபைல். சந்தா முடிந்தால் அதுவும் முடிந்தது. பூட்டை உடைக்கும் கருவிகள் உலவுகின்றன. பல நாடுகளில் அப்படி உடைப்பதே தனிக் குற்றம். ஒரு பாட்டு வாங்கும் செலவை மிச்சப்படுத்த இவ்வளவு சிரமம் தேவையில்லை என்பது என் கட்சி.

என்னிடம் இருப்பது வீடியோ. அதிலிருந்து ஆடியோவை மட்டும் பிரிப்பது எப்படி?

வீடியோ ஃபைல் என்பது ஓர் உறை. உள்ளே படம் ஒரு தடமாகவும் ஒலி ஒரு தடமாகவும் தனித்தனியே இருக்கும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ஒலித் தடத்தை அப்படியே 'காப்பி' செய்யும் வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் தரம் துளியும் குறையாது. ஒரு சில வினாடியில் முடிந்துவிடும். விஎல்சியில் 'கன்வெர்ட்' கொடுத்தால் பெரும்பாலும் மறுபடி என்கோட் செய்துவிடும், அதாவது ஒலியை இன்னொரு முறை சுருக்கிவிடும். அங்கே தரம் கொஞ்சம் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. வீடியோவில் உள்ள பாட்டும் ஆல்பத்தில் உள்ள பாட்டும் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள். படத்துக்காக வெட்டியிருப்பார்கள், நடுவில் வசனம் நுழைந்திருக்கும். பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த பழைய டிவிடிகளில் வினாடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25 ஆக ஓட்டியிருப்பதால் பாட்டே சுமார் 4 சதவீதம் வேகமாகவும் சுருதி சற்றுத் தூக்கியும் இருக்கும்.

கடைசியில் எந்த ஃபார்மட்டில் வைத்துக்கொள்வது?

வேலை செய்யும்போது வேவ். ஷோ ஓட்ட எம்பி3. 192 கேபிபிஎஸ் போதும், 256 என்றால் நிம்மதி. பார்ப்பவர்கள் ரேடியோவில் கேட்கும்படி பாட்டை எஃப்எம் வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் அதற்கு மேல் போவது வீண். எஃப்எம் ஸ்டீரியோவில் 19 கிலோஹெர்ட்ஸில், இது ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குக் காட்டும் ஒரு பைலட் ஒலி போவதால், பாட்டை 15 கிலோஹெர்ட்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலை அதற்குள் அனுப்பி என்ன பயன்?

பிட்ரேட்டை விட முக்கியமானது, அது மாறாத பிட்ரேட்டாக இருப்பது. மாறும் பிட்ரேட் எம்பி3யில் 'மூன்றாவது நிமிடம் எங்கே?' என்று கேட்டால் பல மென்பொருள்கள் உத்தேசமாகத்தான் போய் நிற்கும். சாதாரணமாகக் கேட்பவருக்கு அது தெரியாது. 25 மில்லிவினாடிக்கு ஒரு கட்டம் என்று குறி போடும் நமக்கு அது தலைவலி.

ஃபைலுக்குள் ஆல்பம் அட்டைப் படம் இருந்தால் நீக்கிவிடுங்கள். சில பிளேயர்கள் அதை வீடியோ என்று நினைத்துக் குழம்பும்.

சாம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமா, 48 வேண்டுமா?

வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்து வைக்கிறோம் என்பதுதான் இந்த எண். இரண்டும் சரி. ஷோவில் உள்ள எல்லாப் பாட்டும் ஒரே அளவில் இருப்பது நல்லது, அவ்வளவுதான். பாட்டுகள் பெரும்பாலும் 44.1, வீடியோவிலிருந்து வந்தவை 48. மாற்றும்போது 'ரீசாம்பிள்' செய்ய வேண்டும், அதாவது ஒலியைப் புது ரேட்டுக்கு ஏற்பக் கணக்கிட்டு மாற்ற வேண்டும். ரேட் எண்ணை மட்டும் மாற்றிவிடக் கூடாது. ஆடாசிட்டியில் டிராக் மெனுவுக்குள் இருக்கும் 'ரேட்' ஒலியை மாற்றாது, வேகத்தைத்தான் மாற்றும். 3 நிமிடப் பாட்டு 44.1ல் இருக்க, அதை 48 என்று சொல்லி ஓட்டினால் 165 வினாடியில் முடிந்துவிடும்.

128 கேபிபிஎஸ் ஃபைலை 320க்கு மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. ஃபைல்தான் வீங்கும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது போல ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். யாராவது 320 என்று சொல்லிக் கொடுத்த ஃபைல் மீது சந்தேகம் இருந்தால், ஆடாசிட்டியில் எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல மொட்டையாக இருந்தால் அது முன்பு குறைந்த பிட்ரேட்டில் இருந்து வந்தது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

பாட்டு நீளம். வெட்டி ஒட்டினால் 'டக்' என்று சத்தம் வருகிறதே?

அலை பூஜ்யக் கோட்டைத் தொடாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். பகுதியைத் தேர்ந்தெடுத்த பிறகு ஆடாசிட்டியில் 'இசட்' விசையை அழுத்தினால், தேர்வின் இரு முனைகளும் பக்கத்துப் பூஜ்யப் புள்ளிக்கு நகரும். பிறகு வெட்டுங்கள். தாளக்கட்டின் முதல் அடியில் வெட்டி, வேறொரு முதல் அடியில் ஒட்டினால் காதுக்கு ஒட்டே தெரியாது. பாடகரின் குரல் இழுவை நடுவில் எங்கே வெட்டினாலும் தெரியும்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முழுப் பாட்டு ஓடினால்தான் ஷோ என்று யாரும் சட்டம் போடவில்லை. 2 நிமிடத்துக்குச் சுருக்கினால் பார்ப்பவர்களுக்கும் அலுக்காது, உங்களுக்கும் எழுதும் வேலை பாதி.

ஒரு பாட்டு கத்துகிறது, அடுத்தது முணுமுணுக்கிறது. என்ன செய்ய?

'நார்மலைஸ்' என்று பொதுவாகச் செய்வது உச்சியை மட்டும் சமன் செய்யும். காது உச்சியைக் கேட்பதில்லை, சராசரிச் சத்தத்தைத்தான் கேட்கிறது. ஆடாசிட்டியில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' என்று தனியாக இருக்கிறது. காதில் விழும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு எல்யுஎஃப்எஸ். ஐரோப்பிய ஒலிபரப்புத் தரம் மைனஸ் 23. ஸ்ட்ரீமிங் ஆப்புகள் மைனஸ் 14 பக்கம். நான் ஷோவுக்கு மைனஸ் 16 வைக்கச் சொல்வேன். உச்சி மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் எம்பி3 ஆக்கும்போது அலையின் தலை வெட்டுப்படும்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள் ஃபைலைச் சரி செய்துவிட்டு, டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் அளவைக் குறைவில் இருந்து மெல்ல ஏற்றுங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் கரகரத்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டீரியோவா, மோனோவா?

வெளியில் ஸ்பீக்கர் வைத்தால் மோனோ. இடது ஓரத்தில் நிற்பவருக்கு வலது ஸ்பீக்கரில் மட்டும் வரும் வாத்தியம் கேட்காமலே போகும். மோனோ ஆக்கிய பிறகு ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். இரு பக்கமும் எதிரெதிர் அலையாகப் பதிந்திருக்கும் ஒலிகள், சேர்க்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். அகலமாகக் கேட்கட்டும் என்று எஃபெக்ட் போட்ட சிந்தசைசர், கோரஸ் குரல்கள்தான் பெரும்பாலும் இப்படிக் காணாமல் போகும்.

தாளத்தை எப்படிக் குறிப்பது? நிமிடத்துக்கு இத்தனை அடி என்று கணக்குப் போட்டால் போதாதா?

போதும் போலத்தான் தோன்றும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லிவினாடி. சீக்வென்ஸில் விளக்கு மாறக்கூடிய மிகச் சிறிய கட்டம்தான் ஃபிரேம்; 25 மில்லிவினாடி ஃபிரேமில் சரியாக 20 ஃபிரேம். அழகு. ஆனால் 128 அடி என்று வரும்போது ஓர் அடி 468.75 மில்லிவினாடி, அதாவது 18.75 ஃபிரேம். முக்கால் ஃபிரேம் என்று ஒன்று கிடையாது. 19 ஃபிரேம் கொண்ட துண்டைச் செய்து வரிசையாகக் காப்பி பேஸ்ட் செய்தால், அடிக்கு 6.25 மில்லிவினாடி பிந்தும். 16 அடியில் 100 மில்லிவினாடி. முதல் வரியில் மேளத்தோடு மின்னிய விளக்கு, மூன்றாவது வரியில் மேளத்தைத் துரத்திக்கொண்டு ஓடும்.

குறியைப் பாட்டின் உண்மையான நேரத்திலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு குறியும் தனித்தனியே பக்கத்து ஃபிரேமுக்கு ஒட்டிக்கொள்ளும். தவறு அரை ஃபிரேமைத் தாண்டாது, சேர்ந்துகொண்டும் போகாது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் வேம்ப் பிளக்இன்கள் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) தாள அடிகளையும் ஒலி தொடங்கும் இடங்களையும் தானாகவே கண்டுபிடித்துத் தரும். எக்ஸ்லைட்ஸிலும் ஆடாசிட்டியிலும் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மெட்ரோனோம் வைத்துப் பதிவு செய்த பாட்டுகளில் நன்றாகப் பிடிக்கும். பழைய நேரடிப் பதிவுகளில், உணர்ச்சிக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும் பாட்டுகளில் தடுமாறும்.

அங்கே கைதான். ஆடாசிட்டியில் பாட்டை ஓடவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் கன்ட்ரோலும் 'எம்' விசையும் சேர்த்து அழுத்தினால் லேபிள் விழும். ஏற்றுமதி செய்தால் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் வரும். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

12.350000   12.350000   டிரம்

தொடக்கம், முடிவு, பெயர், நடுவில் டேப். எக்ஸ்லைட்ஸ் இதை நேராக டைமிங் தடமாக ஏற்றுக்கொள்ளும். ஏற்றுமதிக்கு முன் அலையைப் பெரிதாக்கி ஒரு சில லேபிள்களைப் பாருங்கள். விரல் எப்போதும் கொஞ்சம் பிந்தும். லேபிள் அலையின் முள்ளுக்குப் பின்னால் நிற்கும். எல்லாம் ஒரே அளவு பிந்தியிருந்தால் மொத்தமாக முன்னே இழுத்துவிடலாம்.

குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே பிரிப்பதால் என்ன லாபம்?

குறி போடுவது எளிதாகும். டீசர் நிறுவனம் 2019ல் இலவசமாக வெளியிட்ட ஸ்பிளீட்டர், மெட்டா ஆய்வாளர்களின் டெமக்ஸ் இரண்டும் ஒரு பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும். டிரம்ஸ் தடத்தை மட்டும் பிளக்இன்னுக்குக் கொடுத்துப் பாருங்கள். முழுப் பாட்டைக் கொடுத்தபோது கோட்டை விட்ட அடிகள் எல்லாம் வந்து நிற்கும். பிரித்த தடங்களில் நீர்க்குமிழி போன்ற சத்தம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஷோவில் ஓடப் போவது அசல் பாட்டு என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பாட்டுக்கு வாயசைக்கும் விளக்கு முகங்கள் வைத்திருக்கிறேன். வாயசைப்பு எப்படி?

வரிகளை எழுதி, சொற்களாக உடைத்து, சொற்களை வாய் வடிவங்களாக உடைக்க வேண்டும். மென்பொருளில் வரும் அகராதி ஆங்கிலச் சொற்களுக்கானது. தமிழ்ப் பாட்டு என்றால் நாமே வடிவம் கொடுக்க வேண்டியதுதான். மொத்தம் பத்து வடிவம், பயப்பட ஒன்றுமில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு உடனே படுவது உதடு மூடும் இடம். 'ம', 'ப' வரும்போது வாய் மூடி, 'ஆ' வரும்போது விரியத் திறந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. நெடிலுக்கு நீளம் கொடுங்கள். ஒற்றெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் வைத்தால் முகம் நடுங்குவது போல இருக்கும்.

கம்ப்யூட்டரில் கச்சிதமாக இருந்தது. வெளியே ஓட்டினால் விளக்கும் பாட்டும் சேரவில்லை. ஏன்?

முதலில் எந்த வகைப் பிசகு என்று பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகியிருக்கிறதா, போகப் போகக் கூடுகிறதா?

இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு சோதனை சீக்வென்ஸ் செய்யுங்கள். பாட்டின் முதல் பலமான மேள அடியில் எல்லா விளக்கும் ஒரே ஒரு ஃபிரேம் வெள்ளை. கடைசி அடியில் மறுபடி ஒரு வெள்ளை. நடுவில் இருட்டு. போனில் வினாடிக்கு 60 ஃபிரேம் வீடியோ எடுத்து, கம்ப்யூட்டரில் படத்தையும் அலையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு வீடியோ ஃபிரேம் சுமார் 17 மில்லிவினாடி. எத்தனை ஃபிரேம் தள்ளி அடி விழுகிறது என்று எண்ணினால் விலகல் தெரிந்துவிடும்.

ஒரே அளவு விலகல் என்றால், முதல் சந்தேகம் புளூடூத் ஸ்பீக்கர். 100, 200 மில்லிவினாடி பிந்துவது அதற்குச் சர்வசாதாரணம். வயர் போடுங்கள். இரண்டாவது, தூரம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஸ்பீக்கரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றாலே 29 மில்லிவினாடி. மூன்றாவது எம்பி3யே. அது ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட துண்டுகளாகக் கட்டுகிறது, 44.1ல் ஒரு துண்டு 26 மில்லிவினாடி. கட்டும்போது தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். எம்பி3 ஆக்கும் லேம் என்கோடர், எவ்வளவு சேர்த்தேன் என்று ஃபைலுக்குள் எழுதி வைக்கும். சில பிளேயர்கள் அதைப் படித்து வெட்டிவிடும், சில கண்டுகொள்ளாது. ஆகவே ஒரே ஃபைல் இரண்டு மென்பொருளில் இரண்டு இடத்தில் தொடங்கலாம். எம்பி3யைத் திறந்து, திருத்தி, மறுபடி எம்பி3யாகச் சேமித்துக்கொண்டே இருந்தால் இந்த மௌனம் ஒவ்வொரு முறையும் ஏறலாம். வேவில் வேலையை முடித்து, எம்பி3யை ஒரே ஒரு முறை எடுத்து, அதே எம்பி3யைத்தான் சீக்வென்ஸ் எழுதவும் ஓட்டவும் பயன்படுத்த வேண்டும் என்பது இதனால்தான்.

போகப் போகக் கூடும் விலகல் என்றால், 'இரண்டு கருவிகளின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை' என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடிகாரத்துக்குள் இருக்கும் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 50 பங்கு தவறினாலும் 3 நிமிடத்தில் வருவது 9 மில்லிவினாடி, கண்ணுக்கே தெரியாது. வினாடிக் கணக்கில் விலகினால் சாம்பிள் ரேட் குழப்பம். நடுவில் ஓர் இடத்தில் திடீரென்று தாவினால் பாட்டின் வேறு வெர்ஷன். கண்ட்ரோலரால் ஈடுகொடுக்க முடியாததும் நடக்கும்: டபிள்யூஎஸ்2811 வகைப் பிக்சல் ஒன்றுக்கு 30 மைக்ரோவினாடி தேவை. ஒரே போர்ட்டில் 1,000 பிக்சல் மாட்டினால் ஒரு சுற்றுக்கு 30 மில்லிவினாடி. 25 மில்லிவினாடி ஃபிரேமுக்குள் அது அடங்காது.

எவ்வளவு விலகல் பரவாயில்லை? சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ டிவி ஒலிபரப்புக்குத் தந்த பரிந்துரைப்படி, ஒலி படத்துக்கு 45 மில்லிவினாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம். பிந்தினால் 125 வரை தெரிவதில்லை. இடியை விட மின்னலை முன்னால் பார்த்துப் பழகிய கண்கள் அல்லவா! ஆகவே சரிசெய்ய முடியாத சிறு விலகல் மிஞ்சினால், விளக்கு முந்தும் பக்கமாகத் தள்ளிவிடுங்கள்.

வாங்கிய சீக்வென்ஸோடு பாட்டு ஃபைல் வரவில்லையே?

வராது. காப்புரிமை காரணமாக எழுதியவர் பாட்டைக் கொடுக்க முடியாது. எந்த ஆல்பம், எந்த வெர்ஷன், எவ்வளவு நீளம் என்று எழுதியிருப்பார்; அதையே வாங்குங்கள். ரீமாஸ்டர் செய்த பதிப்பில் தொடக்க மௌனம் வேறாக இருக்கும், முடிவு வேறாகத் தேயும். நீளத்தை மில்லிவினாடி வரை ஒப்பிட்டு, முதல் அடியும் கடைசி அடியும் குறிகளோடு சேர்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே அளவு விலகினால் பாட்டின் தொடக்கத்தில் மௌனம் சேர்த்தோ வெட்டியோ சரிசெய்யலாம்.

ஃபைல் பெயரில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கம்ப்யூட்டரில் எழுதிய சீக்வென்ஸைப் பிளேயர் ஓட்டுவதற்காக எடுக்கும் எஃப்செக் ஃபைலுக்குள் பாட்டின் பெயரும் பதிந்திருக்கும். பிறகு பெயரை மாற்றினால் விளக்கு மட்டும் ஊமையாக ஓடும். ராஸ்பெரி பையில் ஓடுவது லினக்ஸ். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதற்கு வேறு வேறு. சிறிய ஆங்கில எழுத்தும் எண்களும் மட்டும் வைத்து, இடைவெளி இல்லாமல் பெயரிடுங்கள்.

ராஸ்பெரி பையில் ஹெட்ஃபோன் துளை இருந்தாலும் அதில் இரைச்சல் அதிகம். யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிப் போடுங்கள்.

இத்தனை வேலையும் இல்லாமல், பாட்டைக் கேட்டுத் தானாக ஆடும்படி செய்ய முடியாதா?

முடியும். டபிள்யூஎல்இடி மென்பொருளின் ஆடியோ ரியாக்டிவ் வசதி, ஐஎன்எம்பி441 போன்ற சிறு டிஜிட்டல் மைக்கில் கேட்டு, ஒலியை 16 அலைவரிசைகளாகப் பிரித்து விளக்கை ஆட்டும். எந்த ஃபைலும் பிரிக்க வேண்டாம், மாற்ற வேண்டாம். மொட்டை மாடிக் கூட்டத்துக்கு அமர்க்களமாக இருக்கும். ஆனால் அடி விழுந்த பிறகுதான் அதற்குத் தெரியும்; பல்லவி வரப்போகிறது என்று முன்கூட்டி இருட்டாக்கிக் காத்திருக்க அதனால் முடியாது.

வாங்கிய பாட்டுதானே, வெளியே போட உரிமை தேவையா? ஷோவைப் படம் பிடித்துப் போடலாமா?

பாட்டை வாங்கியது நீங்கள் கேட்பதற்கு. தெருவில் போவோர் கேட்கும்படி ஒலிபரப்புவது பொது நிகழ்த்தல் என்று பல நாட்டுச் சட்டங்கள் கொள்கின்றன. அதற்கு உரிமம் தரும் அமைப்புகள் தனியே உண்டு. சொந்த சிடியிலிருந்து பிரதி எடுப்பதே நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் 2014ல் அனுமதித்தார்கள். 2015ல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. எஃப்எம் டிரான்ஸ்மிட்டருக்கும் அந்தந்த நாட்டின் சக்தி வரம்பு உண்டு.

கிரியேட்டிவ் காமன்ஸ் (ஆக்கியவரே நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் உரிமம்) பாட்டு என்றால் உரிமத்தைப் படித்துப் பாருங்கள். 'மாற்றக் கூடாது' வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது: நகரும் படத்தோடு நேரம் ஒத்திசைய இசையைச் சேர்ப்பதையே அந்த உரிமத்தின் 4.0 பதிப்பு மாற்றம் என்று கணக்கில் எடுக்கிறது. ஆகவே அத்தகைய பாட்டுக்கு விளக்கை ஒத்திசைத்து எடுத்த வீடியோவைப் பகிர்ந்தால் உரிமத்தை மீறியவராகலாம். வணிகப் பாட்டு என்றால் யூடியூபின் கண்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும். பெரும்பாலும் வீடியோ நிற்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். சில நேரம் ஒலியை மட்டும் அடைத்துவிடுவார்கள்.